பதவிக்குக் கொடுத்த வீடு யாருக்குச் சொந்தம்? ராணுவ முகாம் முதல் கேரி தீவு லயம் வரை

தெலுக் பங்ளிமா காராங்கைத் தாண்டி, லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கேரி தீவு. இருபுறமும் செம்பனை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரை இங்கே கண்ணைக் கட்டிக் கொண்டுவந்து இறக்கிவிட்டாலும், கட்டை அவிழ்த்த அடுத்த நிமிடமே எது யார் வீடு என்று சொல்லிவிடுவார். தனியாக, சுற்றிலும் புல்வெளியோடு நிற்பது துரை பங்களா. அலுவலகத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் பெரிய சன்னல்களோடு இருப்பவை கிராணிமார் வீடுகள். வரிசையாக, ஒரே அளவில், ஒரே சாயத்தில் இருப்பவை தொழிலாளர் வீடுகள். பெயர்ப்பலகை எதுவும் தேவையில்லை. வீடே பதவியைச் சொல்லிவிடும்.

இந்த ஏற்பாட்டை வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் புதிதாக யோசித்து உருவாக்கவில்லை. அவர்களுக்கு முன்பே அதைப் பழகிவைத்திருந்தது ராணுவம்.

நம் தோட்டத் தமிழில் கலந்திருக்கும் சொற்களே அதற்குச் சாட்சி. 'லயம்' என்றதும் இசையில் வரும் லயமோ, குதிரை கட்டும் லாயமோ நினைவுக்கு வரலாம். உண்மையில் அது ஆங்கில 'லைன்' என்ற சொல். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சிப்பாய்கள் தங்கிய குடிசை வரிசைக்கு 'லைன்ஸ்' என்று பெயர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 'சிப்பாய் லைன்ஸ்' என்றே வட்டாரங்கள் இருந்தன. அதிகாரிகள் தங்கியது பங்களாவில். வங்காளத்துக் கூரை வீட்டைப் பார்த்துக் கட்டப்பட்டதால் வந்த பெயர் அது. விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதை நம் பாட்டன்மார் 'பெரட்டு' என்றார்கள். அதுவும் ராணுவத்தின் 'பரேடு'தான். கோலாலம்பூரில் இன்றும் 'பத்து கண்டோன்மென்' என்ற பெயரில் ராணுவ முகாம் இருக்கிறது. அந்தப் பெயரும் பிரிட்டிஷ் இந்தியாவின் 'கண்டோன்மெண்ட்' வழி வந்ததே. ஆக, தோட்டம் என்பது துப்பாக்கி இல்லாத ஒரு முகாமாகத்தான் வடிவமைக்கப்பட்டது. மேலே பங்களா, கீழே லைன்ஸ்.

அப்படியானால் அசல் ராணுவத்தில், அதிலும் உயர் அதிகாரிகளுக்கு, வீடு எப்படி ஒதுக்கப்படுகிறது? அதைத் தெரிந்துகொண்டால் தோட்ட வீட்டின் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும்.

பொதுவாக ராணுவத்தில் இரண்டு வகை வீடுகள் உண்டு. ஒன்று, தரத்துக்கான வீடு. லெஃப்டினன்டுக்கு ஓர் அளவு, மேஜருக்கு ஓர் அளவு, கர்னலுக்கு ஓர் அளவு என்று முன்கூட்டியே வகுத்திருப்பார்கள். அந்த வகை வீடுகளில் எது காலியாகிறதோ அது, வரிசையில் முன்னால் நிற்பவருக்குப் போகும். மற்றொன்று, பொறுப்புக்கான வீடு. அதற்கு வரிசையே கிடையாது. ஒரு முகாமின் தளபதியாக யார் வருகிறாரோ அவருக்கு அந்த வீடு. அவர் மாற்றலாகிப் போனால், அடுத்து வருபவரின் சாமான்கள் அதே வாசலில் வந்து இறங்கும். இந்திய ராணுவத்தில் இத்தகைய தளபதி வீட்டை 'ஃபிளாக் ஸ்டாஃப் ஹவுஸ்' என்பார்கள். கொடிக்கம்பம் நிற்கும் வீடு என்று பொருள்.

நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் உள்ள வெலிங்டன் இதைப் பார்க்க நல்ல இடம். பாதுகாப்புப் படை அதிகாரிகளின் பணியாளர் கல்லூரியும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையமும் அங்கே இருக்கின்றன. முகாமில் அதிகாரிகளின் பங்களாக்கள், படைவீரர் குடியிருப்புகள். சற்றுத் தள்ளிப் போனால் தேயிலைத் தோட்டங்கள். அங்கேயும் பங்களா, அங்கேயும் லைன்ஸ். ஒரே மலையில் இரண்டும் அக்கம்பக்கமாக நிற்கின்றன.

இந்தியாவில் ராணுவ வீடுகளைக் கட்டிப் பராமரிப்பது ராணுவப் பொறியியல் சேவைத் துறை. ஒதுக்குவது அந்தந்த நிலையத்தின் தலைமையகம். வீடு கிடைத்தவர் உரிமக் கட்டணம் என்ற பெயரில் ஒரு சிறு தொகை செலுத்துவார். கிடைக்காதவருக்கு வீட்டு வாடகைப்படி உண்டு. இரண்டையும் ஒருசேர அனுபவிக்க முடியாது. எல்லையில், குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாத இடத்தில் பணி என்றால், மனைவி மக்கள் வேறிடத்தில் ராணுவக் குடியிருப்பிலேயே தங்க ஏற்பாடு இருக்கிறது. இதற்கெல்லாம் போதிய வீடுகள் இருந்ததா என்றால், இல்லை. திருமணமான வீரர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அதனால்தான் 2000களின் தொடக்கத்தில் சுமார் 2 லட்சம் வீடுகள் கட்டும் இலக்கோடு ஒரு தனித் திட்டமே தொடங்கப்பட்டது.

இதில் 'உரிமக் கட்டணம்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதை வாடகை என்று சொல்வதில்லை. வாடகை என்றால் குடியிருப்பவர் வாடகைதாரர். சட்டத்தில் அவருக்குச் சில உரிமைகள் பிறக்கும். உரிமம் என்றால் அனுமதி மட்டுமே. பணியில் இருக்கும்வரை நீங்கள் இங்கே தங்கலாம். பணி முடிந்தால் அனுமதியும் முடிந்தது. ஓய்வுக்குப் பிறகு குறிப்பிட்ட சில காலம் தங்க விடுவார்கள். அதற்கு மேலும் தங்கினால் பல மடங்கு அபராத வாடகை. பணி முடிந்த நாளில் ஜெனரலும் சிப்பாயும் இதில் ஒன்றுதான்.

ஜெனரலும் ஒன்றுதானா என்று கேட்பவர்களுக்கு டில்லியில் ஒரு கதை இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் தலைமைப் படைத்தளபதிக்காக ராபர்ட் டார் ரஸ்ஸல் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1930இல் ஒரு மாளிகை கட்டி முடிக்கப்பட்டது. அதன் பெயரும் ஃபிளாக் ஸ்டாஃப் ஹவுஸ்தான். வைஸ்ராய் மாளிகைக்கு அடுத்தபடியாக அதைத்தான் சொல்வார்கள். நாடு விடுதலை பெற்றதும், 1948இல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அங்கே குடியேறினார். பெயர் தீன்மூர்த்தி பவன் ஆனது. ராணுவத் தளபதியின் வீடு வேறு இடத்துக்குப் போனது. நேரு 1964இல் மறைந்த பிறகு அந்த மாளிகை அவரது குடும்பத்துக்கும் போகவில்லை, அடுத்த பிரதமருக்கும் போகவில்லை. அருங்காட்சியகம் ஆனது. ஒரு நாட்டின் ஆகப் பெரிய படைத்தளபதிக்கென்று கட்டிய வீடே 20 ஆண்டுக்குள் கை மாறிவிட்டது.

மலேசியாவிலும் அடிப்படை இதேதான். அரசாங்கக் குடியிருப்புகளை 'பெரிந்தா அம்' என்னும் பொது ஆணைகளின் 'இ' அத்தியாயம் நிர்வகிக்கிறது. வீடுகள் எழுத்து வாரியாக வகைப்படுத்தப்பட்டிருக்கும்; 'ஏ' வகுப்பு உயர் பதவிக்கு, அதற்குக் கீழே அடுத்தடுத்த எழுத்துகள். கோலாலம்பூரில் புக்கிட் பெர்செகுத்துவான் மேட்டில் மரங்களுக்கிடையே நிற்கும் பங்களாக்கள் உயர் அதிகாரிகளுக்காகக் கட்டப்பட்டவை. அதிலிருந்து இறங்கி வந்தால் பிரிக்பீல்ட்ஸ். அங்கே 1905 வாக்கில் இரயில்வே மற்றும் அரசாங்கக் கீழ்நிலை ஊழியர்களுக்கென்று வரிசை வீடுகள் எழுந்தன. 'நூறு கோட்டர்ஸ்' என்றால் பிரிக்பீல்ட்ஸ் பெரியவர்களுக்கு இன்றும் தெரியும். அவர்களில் பலரும் அந்த வரிசைகளில் வளர்ந்த பிள்ளைகள்தான். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடந்துபோகும் தூரமே என்றாலும், பதவியில் அது எவ்வளவு தூரம் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆயுதப்படையைப் பொறுத்தவரை, திருமணமாகாத அதிகாரிகள் அதிகாரிகள் விடுதியில் தங்குவார்கள். திருமணமானவர்களுக்கு 'ஆர்.கே.ஏ.டி.' எனப்படும் ஆயுதப்படைக் குடும்ப வீடுகள். அதிகாரிகளுக்கு ஒரு தரம், மற்ற நிலை வீரர்களுக்கு ஒரு தரம். மாற்றல் வந்தால் காலி செய்ய வேண்டும். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். சில நேரங்களில் முகாமே இடம் மாறிவிடும். சுங்கை பெசி விமானப்படைத் தளம் 2018இல் மூடப்பட்டு, செண்டாயானுக்கு இடம்பெயர்ந்ததை வாசகர்கள் அறிவார்கள்.

ஆனால் ராணுவம் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிறது. வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறோம் என்றால், அதற்கு முன்பே அந்த மனிதர் வேறு வீடு தேடிக்கொள்ள வழி செய்ய வேண்டும். மற்ற நிலை வீரர் 21 ஆண்டு சேவையை முடித்தால் ஓய்வூதியம் உண்டு. 1972இல் தொடங்கப்பட்ட ஆயுதப்படை நிதி வாரியம், அதாவது எல்.தி.ஏ.தி., சேமிப்பைக் கவனிக்கிறது. அதன் துணை நிறுவனம் வீடுகளும் கட்டி விற்கிறது. பொதுத்துறை வீட்டுக் கடன் வாரியமான எல்.பி.பி.எஸ்.ஏ.வில், பணியில் இருக்கும்போதே கடன் எடுக்கலாம். 'ஓர் உறுப்பினருக்கு ஒரு வீடு' என்ற பெயரில் தற்காப்பு அமைச்சே ஒரு திட்டம் வைத்திருக்கிறது. இவை எல்லாருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்கின்றனவா, முன்னாள் படைவீரர்களின் மனக்குறைகள் என்ன என்பது வேறு விவாதம். வழி என்று ஒன்று இருக்கிறது என்பதே இங்கே முக்கியம்.

இனி கேரி தீவுக்குத் திரும்புவோம்.

இந்தத் தீவுக்குப் பெயர் கொடுத்தவர் எட்வர்ட் வாலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டம் உருவானது. முன்பு இது சதுப்புநிலக் காடு. கரையெங்கும் மண் அணை எழுப்பி, கால்வாய் வெட்டி, கதவு வைத்துக் கடல் நீரைத் தடுத்துத்தான் இந்த நிலம் விளைநிலமானது. அந்த மண்ணைச் சுமந்த கைகளில் தமிழர் கைகள் எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நிறுவனங்களின் பெயர் மாறியது. கோல்டன் ஹோப், 2007இன் இணைப்புக்குப் பிறகு சைம் டார்பி, 2024 முதல் எஸ்.டி. கத்ரி. அலுவலகப் பலகை மாறும்போதெல்லாம் லயத்தில் இருந்தவர்கள் அதே வீட்டில்தான் இருந்தார்கள். அந்த வீடு மட்டும் ஒருபோதும் அவர்களுடையதாக ஆகவில்லை.

தோட்டத்தில் வீடு ஒதுக்கும் முறை ராணுவத்தைப் போல எழுத்தில் விரிவாக இருந்ததில்லை. துரை சொன்னால் கிராணி எழுதுவார். மண்டோருக்கு வரிசையின் ஓரத்து வீடு, அல்லது சற்று வசதியான வீடு. குடும்பம் பெரிதோ சிறிதோ, தொழிலாளிக்கு அளவு ஒன்றுதான். எழுதப்படாத ஒரு நிபந்தனையும் உண்டு: வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும். அப்பா ஓய்வு பெறும் வயதில், படிப்பை நிறுத்திவிட்டு மகன் கத்தியைக் கையில் எடுத்த கதைகள் பல தோட்டங்களில் உண்டு. அவனுக்கு அந்த வேலை பிடித்ததா என்று யாரும் கேட்டதில்லை. கூரைக்கு விலையாக அவன் போனான். ராணுவத்தில் கர்னலின் வீட்டைக் காப்பாற்ற அவர் மகன் படையில் சேர வேண்டியதில்லை.

வீட்டின் தூரம் மனிதர்களுக்கிடையிலான தூரமாகவும் இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்தால் இது புரியும். சம்பள உயர்வு, மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குப் படிப்பு இவற்றோடு, துரையின் எதிரிலும் கிராணிமார் எதிரிலும் சைக்கிளைவிட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமையும், உறவினர்கள் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகும் உரிமையும் கேட்கப்பட்டன. சொந்த வீட்டில் இருப்பவர், மாமா வந்து தங்க அனுமதி கேட்பாரா? அந்த ஆண்டு மே மாதம் போராட்டத் தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டார். போராட்டத்தை அடக்க இறக்கப்பட்டது ராணுவம்.

பிற்காலத்தில் நீண்ட லயங்கள் இடிக்கப்பட்டுத் தனி வீடுகளும் இரட்டை வீடுகளும் வந்தன. சட்டமும் வந்தது. தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரத்தை நிர்ணயிக்கும் 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம், தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் முதலில் பொருந்தியது. 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. கோவிட் காலத்தில் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் விடுதிகளின் நெரிசல் வெளிச்சத்துக்கு வந்தபோது பலரும் இந்தச் சட்டத்தின் பெயரை முதன்முறையாகக் கேள்விப்பட்டார்கள். பொது விடுதியில் ஒருவருக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர், மற்றத் தங்குமிடங்களின் படுக்கையறையில் 3.6 சதுர மீட்டர் என்று அது அளந்து சொல்கிறது.

எவ்வளவு இடம், எத்தனை கழிப்பறை, தண்ணீர் உண்டா, மின்சாரம் உண்டா என்று இந்தச் சட்டம் கேட்கிறது. தேவையான கேள்விகள்தான். ஆனால் அவை அனைத்தும் வேலையில் இருக்கும்வரை கேட்கப்படும் கேள்விகள். 60 வயதில் ஒருவர் ஓய்வு பெற்ற பிறகு எங்கே போவார் என்பது அதன் எல்லைக்கு அப்பால் நிற்கிறது. ராணுவக் குடியிருப்பைப் போலவே தோட்ட வீடும் அனுமதிதான்; வாடகை ஒப்பந்தம் இல்லை. வேறுபாடு, தொழிலாளிக்கு ஓய்வூதியம் கிடையாது, ஊழியர் சேமநிதி மட்டுமே. நாள் சம்பளமாகக் குறைவாக வாங்கிய காலமெல்லாம் அந்தச் சேமநிதியிலும் குறைவாகவே விழுந்தது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானதே 2025 பிப்ரவரியில்தான்.

1970களிலேயே தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொந்த வீட்டுத் திட்டம் பற்றி அரசாங்கம் பேசியது. சில தோட்டங்களில் அது நடந்தது. பல தோட்டங்களில் பேச்சோடு நின்றது. நிலம் கைமாறி, மேம்பாட்டுக்குப் போகும் நாளில்தான் பிரச்சினை வீதிக்கு வந்தது. கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் தோட்டத்தில் 41 குடும்பங்கள், தாங்கள் உழைத்த இடத்திலேயே 4 ஏக்கர் நிலம் கேட்டுப் போராடின. 2011இல் அவர்களுக்கு வந்த வெளியேற்ற அறிவிக்கை, புறம்போக்குக் குடியிருப்பாளர்களை அகற்றும் 1969ஆம் ஆண்டு அவசரகால விதிகளின் கீழ் வந்தது. தோட்ட நிர்வாகமே ஒதுக்கிக் கொடுத்த வீட்டில் தலைமுறையாக இருந்தவர்கள், ஒரு கடிதத்தில் அத்துமீறிக் குடியேறியவர்கள் ஆனார்கள். மேரி, மின்யாக், நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்களின் வீட்டுக் கோரிக்கை பல தேர்தல்களைக் கண்டும் ஆறாத புண்ணாக இருந்தது.

கேரி தீவின் நிலைமையில் இன்னொரு நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. மற்றத் தோட்டங்களில் எல்லையைத் தாண்டினால் ஒரு கம்பமோ தாமானோ இருக்கும். அங்கே ஒரு சிறு மனை வாங்கி, அதே கோயில், அதே பள்ளிக்கூடம், அதே சொந்தபந்தம் என்று இருந்துவிடலாம். இந்தத் தீவின் பெரும்பகுதியோ தோட்டம். அதுபோக முக்கியமாக இருப்பவை, மரச் சிற்பத்துக்குப் பெயர்பெற்ற மா மெரி பூர்வகுடி மக்களின் கிராமங்கள். ஆகவே வீட்டைவிட்டுப் போவது என்றால் பெரும்பாலும் பாலத்தைத் தாண்டிப் போவதுதான். இங்கே துறைமுகம் அமைக்கும் யோசனையும் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. அது எப்போது, எந்த அளவில் வந்தாலும், நிலத்தின் மதிப்பு ஏறும் இடத்தில் அனுமதியில் குடியிருப்பவர்களின் நிலை என்ன ஆகும் என்பதற்குப் புக்கிட் ஜாலில் ஒரு முன்னுதாரணம்.

இப்போது தோட்ட வீட்டிலோ, அரசாங்கக் குடியிருப்பிலோ, ராணுவக் குடியிருப்பிலோ இருப்பவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, வீடு ஒதுக்கிய கடிதத்தைத் தேடி எடுத்துப் படிப்பது. காலி செய்ய எவ்வளவு அவகாசம், பழுதுக்கு யார் பொறுப்பு, வேலையில் இருப்பவர் இறந்துவிட்டால் குடும்பம் எத்தனை நாள் தங்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடிதமே கிடையாது என்றால், நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு, கேட்டதற்கான நகலையும் வைத்துக்கொள்ள வேண்டும். சம்பளச் சீட்டு, பழைய வேலைப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் உள்ள தோட்ட முகவரி ஆகிய எதையும் வீசிவிடக்கூடாது. நாளை ஒரு வீட்டுத் திட்டம் வந்து, யார் அசல் குடியிருப்பாளர் என்ற கேள்வி எழுந்தால், பேசப்போவது அந்தக் காகிதங்கள்தான்.

ஊழியர் சேமநிதியின் கணக்குகள் 2024 மே மாதம் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. அதில் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கலாம். நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் தரும் 'எஸ்.ஜே.கே.பி.' திட்டமும் இருக்கிறது. கடன் காலம் வயதைப் பார்த்தே கணக்கிடப்படுவதால், 55 வயதில் விண்ணப்பிப்பதும் 35 வயதில் விண்ணப்பிப்பதும் ஒன்றல்ல. தோட்டத்தில் வாடகையில்லாமல் இருக்கும் ஆண்டுகள் உண்மையில் சேமிக்க வேண்டிய ஆண்டுகள். அந்தச் சம்பளத்தில் அது எளிதல்ல என்பதும் உண்மைதான்.

கேரி தீவில் பொழுது சாயும் நேரத்தில் பாலத்தைக் கடந்து உள்ளே வரும் மோட்டார் சைக்கிள்களில் இளைஞர்கள் இருப்பார்கள். பகலில் வெளியே வேலை, இரவில் அப்பாவின் பெயரில் உள்ள தோட்ட வீட்டில் படுக்கை. அப்பாவுக்கு 60 ஆக இன்னும் எத்தனை ஆண்டு என்ற கணக்கு அந்த வீடுகள் ஒவ்வொன்றிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.